கருப்பு வெள்ளையில் மைனி

வாயில் பிரஷ்ஷோடு நிற்கிறவனின் மூக்குக்கு நேராகச் செல்போனை நீட்டுவதை எங்கள் தெருவில் யாரும் தப்பாக நினைப்பதில்லை. "யய்யா, இதுல எனக்குக் கண்ணு மூடியிருக்கு பாரு. லேசா தொறந்து விட்டிரேன்" என்பார் பக்கத்து வீட்டு மைனி. ஏதோ மூடிக் கிடக்கிற சன்னலைத் தள்ளிவிடச் சொல்வதுபோல. மூடிய கண்ணைத் திறக்க வேண்டுமென்றால் அதே ஆளின் திறந்த கண் வேறொரு படத்தில் வேண்டும், அதே வெளிச்சத்தில், அதே கோணத்தில் வேண்டும் என்று நுரையைத் துப்பிவிட்டு விளக்குவேன். "அதான் படிக்கியல்லா, தெரியாதா?" என்று முடித்துவிடுவார்.

மைனி என்றால் அண்ணி. அவர் எனக்கு உறவு முறையில் மைனி இல்லை, தெரு முறையில் மைனி. அவர் வீட்டுக்காரர் ஆழ்கடல் தங்கல் படகில் போகிறவர். போனால் ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் கரையைப் பார்ப்பார். எங்கள் தெருவின் கடல் பக்கம் முழுக்க அப்படிப்பட்ட வீடுகள், எல்லா வாசலிலும் மாதா படம். இந்தப் பக்கம் எங்களைப்போல ஆற்றங்கரை ஊர்களில் நெல் வயலை விட்டுவிட்டுத் துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவர்களின் வீடுகள். நடுவில் ஒரு டீக்கடை. இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருந்தவை டீக்கடை அண்ணாச்சியின் வடை, தண்ணீர்க் குழாய், அப்புறம் நான். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். காலேஜையும் முடித்தபோது தெருவே என்னைச் சொந்தம் கொண்டாடியது. பேங்க் செலானை நிரப்ப, கரண்ட் பில்லைப் படிக்க, ஆஸ்பத்திரிச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்ல என்னைக் கூப்பிடுவார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. டிசைன் வகுப்பில் சேர்ந்த பிறகுதான் வாழ்க்கை தாங்க முடியாததாகிப்போனது.

வகுப்பு கண்ணாடிக் கடை ஒன்றின் மாடியில் நடந்தது. போட்டோ எடிட்டிங், போஸ்டர், ஃபிளெக்ஸ் வடிவமைப்பு எல்லாம் சொல்லித் தருவார்கள். "போட்டோவ அழிச்சு எழுதுறதுக்கெல்லாம் ஒரு படிப்பாலே?" என்று கேட்டார் அப்பா. அவருக்குத் தெரிந்த ஒரு குடோனில் மூட்டைக் கணக்கு எழுத ஆள் தேவைப்பட்டது. ஃபேனுக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. முப்பது வருசமாகத் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நின்ற மனிதருக்கு மகன் நாற்காலியில் உட்காருவதைவிடப் பெரிய ஆசை ஒன்றுமில்லை. அதை நான் குறை சொல்ல முடியாது. "இந்த வகுப்பு முடியுற வரைக்கும் பாக்கேன். அதுக்குள்ள வேலை அமைஞ்சா சரி. இல்லன்னா குடோனுக்கு வந்துரணும், கேட்டியா" என்றார். சரி என்றேன்.

வகுப்பு நடத்திய சார் திருச்சிக்காரர். கடைசிப் பாடமாக அவர் கொடுத்த வேலை 'என் தெரு'. எட்டுப் படம், நாமே எடுத்து நாமே திருத்த வேண்டும். இணையத்திலிருந்து ஒரு புல்லைக்கூட எடுக்கக் கூடாது. முகத்தை வெளுப்பாக்கக் கூடாது. படத்தில் இருப்பவர்கள் சம்மதிக்க வேண்டும். "முத்துச்சிப்பியோட எவனாவது வந்தா வெளிய அனுப்பிடுவேன்" என்றும் சொன்னார். அவர் கோபம் எனக்குப் புரிந்தது. கல்யாணம், காதுகுத்து, கட்சி மாநாடு, செருப்புக்கடைத் திறப்பு எதுவானாலும் முத்துக்குளிப்புக்குப் பேர்போன எங்கள் ஊர் ஃபிளெக்ஸில் ஒரு ஓரத்தில் சிப்பி வாயைப் பிளந்துகொண்டு இருக்கும், உள்ளே பல்பு மாதிரி ஒரு முத்து மின்னும். எல்லாம் ஒரே சிப்பி. எங்கள் தெருவில் சங்கு எடுக்க முங்குகிறவர்கள் உண்டு, முத்தைக் கண்ணால் பார்த்தவர் ஒருவரும் கிடையாது.

ஊரில் பெரிய ஃபிளெக்ஸ் கடை ஒன்றின் முதலாளி அந்த எட்டுப் படங்களையும் பார்க்க வருவதாக இருந்தது. எங்களில் ஒருவனை டிசைனராக எடுத்துக்கொள்வார். ஒருவனை மட்டும்தான். மற்றவர்களுக்கு சர்டிபிகேட் கிடைக்கும், எனக்கு அதோடு குடோனும் கிடைக்கும்.

படம் எடுப்பதுதான் இருப்பதிலேயே சுலபம் என்று நினைத்திருந்தேன்.

முதலில் மைனியிடம் போனேன். தினமும் காலையில் அவர் வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்வார். அலுமினியச் சட்டி, சாம்பல், காலுக்கிடையில் அருவாமணை, கையெல்லாம் செதிள், பின்னால் சாயம் போன கதவு. அதைத்தான் எடுக்க வந்தேன் என்றேன். "நாளைக்கு வா" என்றார். மறுநாள் போனால் வாசல் கழுவி, கோலம் போடாத வீட்டில் கோலமும் போட்டு, சட்டியைக் காணோம், அருவாமணையைக் காணோம், மைனி பட்டுச்சேலையில் நின்றிருந்தார். இரண்டு கையையும் தொடையோடு ஒட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஆதார் கார்டுக்கு நிற்பதுபோல.

"மைனி, மீன் எங்க?"

"சீ, கவுச்சி. அதப் போயா போட்டோ புடிப்பாவ?"

"நீங்க வேலை பாக்குறதத்தான் எடுக்கணும்."

"எங்க அம்மா என்ன வேலைக்காரியாவா பெத்துப் போட்டா? எடுல. வேர்க்கு."

அண்ணாச்சி அதற்கும் மேலே போய்விட்டார். டீ ஆற்றும்போது அவர் தலைக்கு மேலே போகும் அந்தப் பழுப்புக் கயிறும், சுற்றி எழும் ஆவியும் எனக்கு வேண்டும். நான் போனை எடுத்ததும் அடுப்பை அணைத்துவிட்டார். புகை படிந்தால் படம் கெட்டுப்போகுமாம். வடைப் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தார். கல்லாவில் ஒரு பிளாஸ்டிக் பூந்தொட்டி வந்து உட்கார்ந்தது. பனியனுக்கு மேல் சட்டை போட்டு, அதற்கு மேல் பவுடர் போட்டு, "ம்" என்றார். டீக்கடையில் டீயைத் தவிர எல்லாம் இருந்தது.

வலை பின்னுகிறவர்கள் நான் வருவதைப் பார்த்ததும் வலையைச் சுருட்டி வைத்துவிட்டுத் தலை வாரினார்கள். உப்பளத்திலிருந்து திரும்பும் பெண்கள் காலில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துப் பைக்குள் ஒளித்துக்கொண்டார்கள். எனக்கு எது வேண்டுமோ அதைத் தேடிக் கண்டுபிடித்து அப்புறப்படுத்துவதில் தெருவே ஒற்றுமையாக இருந்தது. குடிதண்ணீருக்கு மறியல் செய்தபோதுகூட இந்த ஒற்றுமை இல்லை.

கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தேன். ஆளுக்கு இரண்டு படம். ஒன்று அவர்களுக்கு, அவர்கள் சொன்னபடி. இன்னொன்று எனக்கு, நான் சொன்னபடி. அவர்கள் சொன்னபடி என்பதில் என்னவெல்லாம் அடங்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. மைனிக்குக் கன்னம் வெளுக்க வேண்டும், கழுத்துச் சங்கிலி தடிக்க வேண்டும், கடலில் இருக்கும் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். அவர் கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டியெடுத்து நிறுத்தினேன். மனைவிக்கு நாற்பது வயது, கணவனுக்கு இருபத்தைந்து. "நல்லாத்தான் இருக்கு" என்றார் மைனி வெகுநேரம் பார்த்துவிட்டு. அண்ணாச்சிக்குப் பின்னால் ஒரு நீர்வீழ்ச்சி கேட்டார். கொடுத்தேன். தெருவில் எல்லோர் செல்போனிலும் அந்தப் படங்கள் முகப்பில் ஏறின. பிறகு அவர்கள் வேலை செய்யும்போது நான் ஓரமாக நின்று எனக்கானதை எடுத்துக்கொண்டேன். கையில் செதிளோடு மைனி, ஆவிக்குள் அண்ணாச்சி, எல்லாம் கிடைத்தன. மைனி அப்போது கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார், நான் எடுத்தது தெரியும், கண்டுகொள்ளவில்லை. இவ்வளவு நல்ல படம் நான் எடுத்ததே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் சார் கருப்பு வெள்ளைப் பாடம் நடத்தினார். "நிறத்தை எடுத்துட்டா முகம் மட்டும் மிஞ்சும்" என்றார். எனக்கு யாரோ மண்டையில் விளக்கைப் போட்டதுபோல இருந்தது. என் படங்களின் தொல்லையே நிறம்தான். எடுத்ததெல்லாம் சுள்ளென்ற வெயிலில். நீலத் தார்ப்பாய், ரோஸ் சுவர், ஆரஞ்சுக் குடம் எல்லாம் முகத்தோடு மல்லுக்கு நின்றன. வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தேன். பிளஸ் டூ முடித்தபோது அரசாங்கம் கொடுத்தது அது. பேட்டரி செத்து வெகுகாலம் ஆகிறது, ஒயரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். அதற்குப் பயந்து நிமிசத்துக்கு ஒருமுறை சேவ் கொடுத்துக்கொண்டே எட்டுப் படங்களையும் கருப்பு வெள்ளையாக்கினேன். மைனியின் கண்ணோரச் சுருக்கம்கூடத் தனித்தனியாகத் தெரிந்தது. சந்தோசம் தாங்கவில்லை.

ஒரு கடையில் கொடுத்து எட்டையும் ஒரே ஷீட்டில் பிரிண்ட் போட்டு வாங்கினேன், சார் பார்ப்பதற்கு முன்னால் பேப்பரில் எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ள. சுருட்டியே கொடுத்தார்கள். மை வாடை வீடெல்லாம் அடித்தது. மறுநாள் நான் பஸ் பாஸ் விசயமாக வெளியே போயிருந்தபோது அம்மா அதை எடுத்து வாசலில் துணி காயப்போடும் கொடியில் நாலு கிளிப் மாட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். சுருளும் நிமிரும், வாடையும் போகும் என்பது அவள் கணக்கு. படம் தெருவைப் பார்த்து இருந்தது. ஷீட்டின் மேல் வரிசையில் முதலில் மைனி, அடுத்து அண்ணாச்சி.

எங்கள் தெருச் சுவர்களில் எல்லா நிறத்திலும் போஸ்டர் ஒட்டுவார்கள். சினிமா, கட்சி, கோயில் கொடை விழா, டியூசன் சென்டர். கருப்பு வெள்ளையில் முகம் போட்டு ஒட்டுவது ஒன்றே ஒன்றுதான். அதில் இருக்கும் ஆளை நேற்று அடக்கம் செய்திருப்பார்கள், அல்லது இன்று சாயங்காலம் செய்வார்கள். இதைப் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிற எனக்கு, சார் சொன்ன ஒரு வாக்கியத்தில் அது அத்தனையும் மறந்துபோயிருந்தது.

நான் தெருமுனையில் திரும்பும்போதே ஒப்பாரிச் சத்தம் கேட்டது. ஓடினேன்.

மைனியின் தங்கச்சி தருவைகுளத்தில் கட்டிக்கொடுக்கப்பட்டவர். அக்காவுக்கு நெத்திலிக் கருவாடு எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்திருக்கிறார். முடுக்குச் சந்தைத் தாண்டியதும் எங்கள் வீட்டுக் கொடியில் அக்கா தொங்குவதைப் பார்த்துவிட்டார். கருவாட்டுப் பை அங்கேயே கிடந்தது. நடுத்தெருவில் உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தார். "எக்கா... ஒரு போன் போடலியே எக்கா... என்னைய விட்டுட்டுப் போயிட்டியே... மச்சான் கடல்ல கெடக்காவளே, நான் என்னன்னு சொல்லுவேன்..."

ஒப்பாரி கேட்டால் எங்கள் தெருவில் பெண்கள் காரணம் கேட்கமாட்டார்கள். முதலில் அழுதுகொண்டே வருவார்கள், பிறகுதான் விசாரணை. ஒவ்வொரு வாசலிலிருந்தும் தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு வந்தார்கள். மைனியும் வந்தார். அரைத்துக்கொண்டிருந்த கையைச் சேலையில் துடைத்தபடி, "ஐயோ மாதாவே" என்று கத்திக்கொண்டே தங்கச்சியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழத் தொடங்கினார். தங்கச்சியும் அவரைக் கட்டிக்கொண்டு, "எக்கா போயிட்டாளே" என்று கதறினார். நல்ல அழுகை. கொஞ்ச நேரம் கழித்து மைனி மூக்கைச் சிந்திவிட்டுக் காதோரம் கேட்டார்:

"யாருளா செத்தது?"

தங்கச்சி நிமிர்ந்து பார்த்தார். அப்போது அவர் போட்ட சத்தம் துறைமுகம் வரை கேட்டிருக்கும்.

அண்ணாச்சி கரண்டியோடு வந்து ஷீட்டைப் பார்த்தார். முதல் வரிசையில் தன்னையும் பார்த்தார். "ஏலே, எனக்கும் சேத்தாலே அடிச்சிருக்க? எத்தனை மணிக்கு எடுக்காவன்னும் போட்டிருக்கலாம்லா? ஜனங்க வர்றதுக்கு வசதியா இருக்கும்." சிலர் சிரித்தார்கள். நானும் அசட்டுத்தனமாகச் சிரித்து, "இது கலை, அண்ணாச்சி" என்றேன். அந்தச் சொல்லை நான் சொல்லியிருக்கக் கூடாது.

"ஒன் கலைய ஒங்க அப்பன் மூஞ்சில காட்டுல!" என்று கரண்டியை ஓங்கினார் அண்ணாச்சி.

மைனி கொடிக்குப் பக்கத்தில் போய் நின்று தன் முகத்தையே பார்த்தார். பிறகு கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஷீட்டைத் திருப்பி, முகங்கள் எங்கள் வீட்டுச் சுவரைப் பார்க்கும்படி மாட்டினார். "வீட்டுக்காரரு கடல்ல இருக்கையில வாசல்ல ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டோம் நாங்க. அவிய போன அன்னைக்கிருந்து தலைகூட விரிச்சிப் போடலை நான்" என்றார். குரலில் கோபம் இல்லை. அவர் கூந்தல் அவிழ்ந்து கிடந்தது. ஓடி வந்த வேகத்தில் அவரே அவிழ்த்தது. அதை அவரும் அப்போதுதான் கவனித்தார். அள்ளி முடிந்துகொண்டார்.

அதுவரை எனக்கு எரிச்சல்தான் இருந்தது. அப்புறமும் இருந்தது, ஆனால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

"கலரா மாத்திக் கொண்டா. அவிய கரையேறுறதுக்குள்ள. இல்லன்னா என் மூஞ்சி ஒன் வகுப்புக்கு வரக்கூடாது" என்றார் மைனி. "எனக்கும் அதேதான்" என்றார் அண்ணாச்சி. மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

"இதுக்குப் போயா? ஒரு நிமிச வேலை, மைனி" என்று உள்ளே போய் லேப்டாப்பைத் திறந்தேன். திறந்த பிறகுதான் தெரிந்தது. முதல் வகுப்பிலிருந்து சார் தலையால் அடித்துக்கொண்ட ஒரே விசயம், அசல் படத்தில் கை வைக்காதே, நகல் எடுத்து வேலை செய் என்பது. நான் கரண்டுக்குப் பயந்து நிமிசத்துக்கு நிமிசம் அசலின் மேலேயே சேவ் கொடுத்திருக்கிறேன். போனில் இடம் இல்லையென்று அங்கேயும் அழித்தாகிவிட்டது. எட்டுப் படத்துக்கும் உலகத்தில் எங்கேயும் நிறம் இல்லை.

மறுபடி எடுக்கலாம் என்றால் ஒருவரும் போன் முன்னால் நிற்கத் தயாராக இல்லை. தெருவுக்கு எடுத்துக்கொடுத்த படங்கள் கலரில் இருந்தன, நீர்வீழ்ச்சியும் இருபத்தைந்து வயது வீட்டுக்காரருமாக. சாருக்குப் போன் போட்டேன். "கருப்பு வெள்ளையே கொண்டு வாங்க. அதுதான் உங்ககிட்ட இருக்கறதிலேயே நல்ல வேலை. அவங்க யாரும் மாடியேறி வந்து பார்க்கப் போறதில்லையே" என்றார். சம்மதம் வேண்டும் என்று சொன்னதும் இதே சார்தான். கொண்டுபோயிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் மைனி தண்ணீர் பிடிக்க எங்கள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். அன்று சாயங்காலம் அப்படிப் போனபோது குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டு, முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு போனார்.

"மூட்டை யாரையும் அழவைக்காதுலே" என்றார் அப்பா.

ஆகவே கையால் நிறம் பூசுவது என்று முடிவு செய்தேன். படத்தின் மேல் கண்ணாடித்தாள்போல ஒரு லேயர் போட்டு, அதில் இடம் இடமாகச் சாயம் ஏற்ற வேண்டும். பகலில் எங்கள் வீட்டில் வோல்டேஜ் போதவில்லை. நல்ல கரண்ட் இருந்த ஒரே இடம் டீக்கடை. அண்ணாச்சி முறைத்துக்கொண்டே பிளக்கைக் காட்டினார். பெஞ்சில் லேப்டாப்பை வைத்து உட்கார்ந்தேன். அதுதான் அடுத்த தப்பு, ஏனென்றால் தெரு முழுவதும் எனக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டது.

"அண்ணாச்சி, அன்னைக்கு என்ன கலர் பனியன் போட்டிருந்திய?"

"வான நீலத்துல சட்டை."

"சட்டையே இல்ல, பனியன்தான் இருக்கு."

"அப்போ வான நீலத்துல பனியன்."

"அண்ணாச்சி!"

"சரிலே, பழுப்புதான். எதுக்கு ஊருக்கெல்லாம் கேக்க மாதிரி கத்துத?"

வலைக்காரர்களில் ஒருவர், வலைக்குப் பக்கத்தில் நின்ற டிரம் நீலம் என்றார், ஒருவர் மஞ்சள் என்றார். அது தொடர்பாக அவர்களுக்குள் வேறொரு பழைய சண்டை கிளம்பி, படகு, மச்சினன், கல்யாண விருந்து எல்லாம் உள்ளே வந்து, ஒருவர் டீ குடிக்காமல் எழுந்து போனார். டிரம் கடைசிவரை சாம்பல் நிறத்தில் நின்றது. இந்த அழகில் இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் மைனியும் வந்தார். வந்தேன் என்று காட்டிக்கொள்ளாமல் ஒரு வடை வாங்க வந்ததுபோல.

"கதவு பச்சை" என்றார் வடையைப் பார்த்துக்கொண்டு.

எனக்குப் பொறுக்கவில்லை. "மைனி, திரும்பிப் பாருங்க. அந்தா நிக்கு கதவு. அது பச்சையா?"

உப்புக்காற்று தின்று அந்தக் கதவில் நிறம் என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. மைனி பார்த்தார். "அவிய அடிக்கும்போது பச்சை" என்றார்.

பச்சை வைத்தேன். இது இல்லை, இன்னும் அழுத்தம் என்றார். வைத்தேன். இது ரொம்ப அழுத்தம், பாசி மாதிரி இருக்கு என்றார். குறைத்தேன். "இது மாத்திரை கலர்." "இது வாழையிலை." "இது... முதல்ல வச்சியே, அது என்ன?" நான் பல்லைக் கடித்த சத்தம் அண்ணாச்சிக்குக் கேட்டிருக்க வேண்டும், கேட்காமலே ஒரு டீயை என் பக்கம் தள்ளினார். அந்த நாட்களில் அவர் எனக்குக் கொடுத்த முதல் டீ.

கதவில் விட்டுக்கொடுத்தேன். தோலில் மட்டும் விடவில்லை. "கொஞ்சம் வெளுப்பா" என்று மைனி தொடங்கும்போதே, "கையை நீட்டுங்க" என்றேன். நீட்டினார். ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் அவர் கையை வைத்துப் பார்த்துப் பார்த்து அந்த நிறத்தைக் கலந்தேன். வெயிலில் காய்ந்த பழுப்பு, முட்டியில் கருப்பு, நகத்தடியில் ரோஸ். மெல்ல முகத்தில் ஏற்றினேன். மைனி கையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார்.

"நான் இம்புட்டுக் கருப்பா?"

"ஆமா மைனி."

"போன்ல வெளுப்பா இருந்தேனே."

"அது நான் பண்ணுனது."

"சரி, இருந்துட்டுப் போவுது. உசிரோட இருக்கவ கலராத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வடைக்குக் காசு கொடுக்காமல் போய்விட்டார்.

மாடியில் படங்களை மாட்டியபோது சார் முகத்தைச் சுளித்தார். "போட்டோவும் இல்ல, பெயின்டிங்கும் இல்ல" என்றார். பொய் சொல்லவில்லை. பழைய காலத்துக் காலண்டர்போலத்தான் இருந்தது. மற்ற பையன்களின் படங்கள் பளபளத்தன. ஒருவன் துறைமுகத்துக் கிரேன்களை அந்திச் சூரியனில் எடுத்திருந்தான். அதைப் பார்த்ததும் மனதுக்குள் குடோனின் ஃபேன் சுற்றத் தொடங்கியது.

ஃபிளெக்ஸ் கடை முதலாளி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து மைனிக்கு முன்னால் நின்றார். "இந்தக் கதவு எந்த நேரத்து வெளிச்சம் தம்பி?" என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன். கொடி, ஒப்பாரி, டீக்கடை, மாத்திரை கலர், வாழையிலை எல்லாம். சொல்லச் சொல்ல எரிச்சல் மறுபடி ஏறி, குரல் உயர்ந்துவிட்டது. சார் தொண்டையைச் செருமினார்.

முதலாளி சிரிக்கவில்லை. "அந்த அம்மா மாத்து மாத்துன்னு சொன்னப்போ எந்திரிச்சுப் போயிட்டியளா?"

"இல்ல."

"திட்டுனியளா?"

"மனசுக்குள்ள திட்டுனேன் சார்."

"அது போதும். நம்ம கடைக்கு வாரவன் எல்லாம் அந்த அம்மாதான். நல்லா படம் புடிக்கிறவன் ஊர்ல நெறைய கெடக்கான். திங்கக்கிழமை வந்துருங்க" என்றார். கிரேன் எடுத்த பையன் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. அவன் பக்கம் நியாயம் இருந்தது.

திங்கட்கிழமை கடைக்குப் போனேன். நாற்காலி, மேலே ஃபேன். அப்பாவுக்குச் சொல்ல வேண்டிய இரண்டும் இருந்தன. முதல் வாடிக்கையாளர் ஒரு பேக்கரி திறப்பு விழாவுக்கு வந்தார். எல்லாம் முடிந்து எழுந்தவர் மறுபடி உட்கார்ந்து, "ஓரத்துல ஒரு முத்துச்சிப்பி வச்சிருங்க தம்பி" என்றார். வைத்தேன். உள்ளே பல்பு மாதிரி மின்னியது.

மைனியின் வீட்டுக்காரர் அந்த வாரமே கரையேறினார். நான் கொடுத்த படத்தை மைனி மாதாவுக்குக் கீழே சுவரில் ஒட்டியிருந்தார். வீட்டுக்காரர் உப்பு காய்ந்த முகத்தோடு அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஏளா, கதவு இந்தப் பச்சை இல்லியே. நான் அடிச்சது வேற பச்சைல்லா" என்றாராம். இருவருக்கும் அன்று முழுக்க அதே பேச்சு, சண்டையா கொஞ்சலா என்று சுவருக்கு இந்தப் பக்கம் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மறுநாள் அவர் ஒரு பெயின்ட் டின்னும் பிரஷ்ஷுமாக வந்து, எது சரியான பச்சை என்று காட்டுவதற்காகவே அந்தக் கதவை அடித்து முடித்தார். படத்தில் இருந்த பச்சையும் இல்லை, மைனி சொன்ன பச்சையும் இல்லை. கடையில் இருந்த பச்சை.

நேற்றுக் காலை வாயில் பிரஷ்ஷோடு நின்றிருந்தேன். மைனி வந்தார். கையில் போன் இல்லை. சுவரிலிருந்து உரித்த படம் இருந்தது, நாலு மூலையிலும் பசையோடு.

"யய்யா, கதவு கலர் மாறிட்டு. இதையும் மாத்திக் குடுத்துரு."

"மைனி, எனக்குக் கடைக்கு நேரமாவுது."

"ஒரு நிமிச வேலைன்னு நீதானல சொன்ன?"

வாயைக் கொப்பளித்துத் துப்பினேன். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு டீக்கடைக்கு நடந்தேன். மைனி பின்னாலேயே வந்தார். போகிற வழியில் கதவுக்கு முன்னால் நின்று அந்தப் பச்சையை ஒரு படம் எடுத்துக்கொண்டேன், முதல் வேலையாக அதை நகல் எடுத்தும் வைத்துக்கொண்டேன்.